அஞ்சாவது படிக்கிறான், தமிழ் வாசிக்க வரல. மாலை வகுப்பு டீச்சர் எங்கிருந்து தொடங்கணும்?

கடலோர வகுப்பு:
வணக்கம். காசிமேட்டில் சாயங்காலம் 6 மணியிலிருந்து 7.30 வரை இலவச வகுப்பு நடத்துறோம். 14 பிள்ளைங்க, 3ஆம் வகுப்பிலிருந்து 6 வரை. அஞ்சாவது படிக்கிற ஒரு பையன் கணக்குல கெட்டி. மீன் விலையெல்லாம் மனக்கணக்கிலேயே பட்டுனு சொல்வான். தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தா மட்டும் தலை குனிஞ்சிடுது. எல்லாரோடும் சேர்ந்து பாட்டை முழுசா சொல்றான், தனியா ஒரு வரி படின்னா நின்னுடுறான். மறுபடி ‘அ’னா ‘ஆ’வன்னாவில் இருந்து ஆரம்பிக்கலாமா? கூட இருக்கிற சின்னப் பசங்க முன்னாடி கூசிப்போயிடுவானோன்னு பயமா இருக்கு.

தண்டையார்பேட்டை டீச்சர்:
‘அ’னாவுக்குப் போகவே வேணாம்மா. எங்கே தடுக்குதுன்னு முதல்ல பாருங்க. தனியா உக்கார வச்சு, அஞ்சே நிமிஷம், மத்தவங்க காதில் விழாத தூரத்தில். அவனுக்குத் தெரிஞ்ச பாட்டிலேயே கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி விரல் வச்சுக் கேளுங்க. மனப்பாடம் அங்கே கைகொடுக்காது, எழுத்து தெரியுதா இல்லையான்னு உடனே வெளிச்சமாயிடும். கோரஸா படிக்க வைக்கிறதுல இருக்கிற பெரிய ஆபத்தே இதுதான். வாய் அசையும், கண் எழுத்து மேல இருக்காது. டீச்சருக்கு வருஷக்கணக்கா தெரியாமலே போயிடும்.

அடுத்து, துண்டு அட்டையில் உயிர்மெய் எழுத்துகளைக் கலைச்சுக் காட்டுங்க. இந்த வயசுப் பிள்ளைங்க தடுமாறுறது பெரும்பாலும் ரெண்டு இடத்தில். ஒண்ணு, கொம்பு. ‘கொ’வில் கொம்பு முன்னாடி நிக்குது, துணைக்கால் பின்னாடி வருது, ஓசை ஒண்ணுதான். இடமிருந்து வலமா ஒவ்வொண்ணா கூட்டிப் படிக்கிற பிள்ளை ‘கெ’ன்னு ஆரம்பிச்சு, துணைக்காலைப் பார்த்ததும் மாட்டிக்கும். மூணையும் ஒரே அட்டையில் ஒரே எழுத்தா காட்டணும், பிரிச்சுக் காட்டக் கூடாது.

ரெண்டாவது, உகர வரிசை. மத்த வரிசைக்கெல்லாம் பெரும்பாலும் ஒரே குறி, இதுக்கும் ஊகார வரிசைக்கும் அப்படிக் கிடையாது. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு ஜாடை. சு, பு, யு, வு வேற ஜாடை. து, ணு, நு, லு, று, னு இன்னொரு ஜாடை. எல்லாத்தையும் ஒரே நாளில் திணிச்சா குழம்பிடும், ஜாடைக்கு ரெண்டு நாள் ஒதுக்குங்க. மூணும் முடிஞ்சதும் ‘துடுப்பு’ன்னு எழுதிக் காட்டுங்க. மூணு ஜாடையும் அந்த ஒரே சொல்லில் இருக்கு, உங்க பசங்க தினம் பார்க்கிற பொருளும்கூட.

ராயபுரத்து வாசகர்:
டீச்சர் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன். எழுத்து தெரிஞ்சும் சொல் பிடிபடாத பிள்ளைங்க உண்டு. நம்ம தமிழில் ஒரே ‘க’, ஒரே ‘ட’ இடத்துக்கு இடம் வேற மாதிரி ஒலிக்கும். ‘கடம்பா’வில் ட, ப ரெண்டையும் அட்டையில் படிச்ச மாதிரி அழுத்திச் சொன்னா, தினம் வீட்டில் குழம்பு வைக்கிற கடம்பாதான் அதுன்னு அவனுக்கே தெரியாது. அதனால மீன் பேரையே பாடமா வைங்க. சங்கரா, வஞ்சிரம், நண்டு: ங், ஞ், ண் முன்னால் வரும்போது அடுத்த எழுத்து குழையுது. நெத்திலி: இரட்டிச்சதால அழுத்தம். கொடுவா, கெளுத்தி ரெண்டிலும் டீச்சர் சொன்ன கொம்பும் உகரமும் இருக்கு, சுறாவில் உகரம் இருக்கு. விதியைச் சொல்ல வேணாம். நாலு பேரை வாய்விட்டுப் படிச்சா காதே பிடிச்சுக்கும்.

அவன் பேசுற பேச்சைத் திருத்தாதீங்க, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். ‘இஸ்துகினு வந்தான்’னு சொன்னா அப்படியே எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்க, கீழே ‘இழுத்துக்கொண்டு வந்தான்’னு எழுதுங்க. ரெண்டையும் படிக்கட்டும். பேச்சைக் கிண்டல் பண்ற வகுப்பில் பிள்ளை வாயே திறக்காது. வாய் திறக்காத பிள்ளைக்கு வாசிப்பு சொல்லித்தர வழியே இல்லை.

வியாசர்பாடி தன்னார்வலர்:
கூச்சம் பத்திக் கேட்டீங்க. வகுப்பு வாரியா பிரிக்காம வாசிப்பு வாரியா மூணு குழு போடுங்க. 2022இல் வந்த தமிழக அரசோட எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர்னு பிரிப்பாங்க, அந்தப் பேரை மட்டும் எடுத்துக்காதீங்க. சின்னப் பிள்ளைக்கு அது அழகா இருக்கும், அஞ்சாவது பையனுக்கு அரும்புன்னா முகம் சுருங்கிடும். கணக்கு நேரத்தில் அவனையே சின்னப் பசங்களுக்குச் சொல்லித்தர விடுங்க. தமிழில் பின்தங்கினவன்ங்கிற பேர் அவன் மேல ஒட்டாது.

தினம் அவன் உங்க பக்கத்தில் உக்கார்ந்து 3 நிமிஷம் வாய்விட்டுப் படிக்கணும். நாலு வரி போதும், அதையே மூணு நாள். தப்பு வந்த உடனே குறுக்கிடாதீங்க, வரி முடியட்டும்.

புத்தகத்தை மூக்குக்கிட்ட கொண்டுபோறானா, கண்ணைச் சுருக்குறானா, தலைவலின்னு சொல்றானான்னும் பாருங்க. சந்தேகம் இருந்தா ஸ்டான்லி ஆஸ்பத்திரி கண் பிரிவுக்கு அம்மாவோட அனுப்புங்க, காலையிலேயே போகணும். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், வீட்டில் கையிருப்பு இருக்காது. அப்போ நோட்டு, பென்சில் எதையும் வாங்கி வரச் சொல்லாதீங்க.

கடலோர வகுப்பு:
துடுப்பு அட்டை இப்பவே எழுதிட்டேன். அவனோட ஸ்கூல் டீச்சர்கிட்ட பேசலாமா? குறை சொல்ற மாதிரி ஆயிடுமோ?

தண்டையார்பேட்டை டீச்சர்:
பேசுங்க, கட்டாயம் பேசுங்க. ‘இவனுக்கு வாசிக்கத் தெரியலை’ன்னு தொடங்க வேணாம். ‘மூணு நாளா இந்த நாலு வரி பழகியிருக்கான், வியாழக்கிழமை வகுப்பில் இதை மட்டும் அவனைப் படிக்கச் சொல்றீங்களா’ன்னு கேளுங்க. நாற்பது பேரை வச்சிருக்கிற டீச்சருக்கு அது ரெண்டு நிமிஷ வேலை. எந்த நாள், எந்த வரின்னு அவனுக்கும் முன்கூட்டியே சொல்லிடுங்க. திடீர்னு எழுப்பினா பழகின வரியும் மறந்துடும்.