மறு: 'ரூம் டோன்' – மௌனம் வேண்டாம், அரவம் இருக்கட்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

'ரூம் டோன்', அதாவது படப்பிடிப்பு இடத்தில் யாரும் பேசாதபோது பதியும் ஒலி, அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் மூன்று நாட்களாக மடல்களை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஹட்டன் பக்கம் மழை. கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. இன்று கொஞ்சம் நிலைத்து நிற்பதால் எல்லாவற்றுக்கும் சேர்த்தே பதில் எழுதிவிடுகிறேன்.

> 'அறை மௌனம்' என்று வைத்துவிடலாமே. கேட்கவும் அழகாக இருக்கிறது.

அழகுதான். ஆனால் அந்தச் சொல்லால் நான் ஒருமுறை அடிபட்டிருக்கிறேன். ஒரு தேயிலைத் தோட்டத்தில் வயதான அம்மாயி ஒருவரின் பேச்சைப் படம்பிடித்தோம். 10க்கு 12 அடி லயக் காம்பரா (தொழிலாளர் வரிசை வீட்டின் அறை), மேலே தகரம். சேலை உரசாமல் மைக்கை மாட்டுவதற்கே அரை மணி நேரம் போனது. பதிவு அளவுகளை எல்லாம் ஒழுங்காக வைத்தேன். பேச்சு முடிந்ததும் உதவிக்கு வந்த தம்பியிடம், "எல்லாரும் அப்படியே இருக்கட்டும், ஒரு நிமிஷம் மௌனத்தைப் பதிவு செய்" என்றேன். மௌனத்தில் பதிய என்ன இருக்கிறது என்று அவன் ரெக்கோடரை நிறுத்திவிட்டான். அவன் மேல் குற்றமில்லை. நான் சொன்ன சொல்லுக்கு அதுதான் அர்த்தம்.

வீட்டுக்கு வந்து தொகுக்க உட்கார்ந்தபோதுதான் வினை தெரிந்தது. அம்மாயி இருமிய இடங்களை வெட்டினேன். வெட்டிய இடத்தில் கணினி வைப்பது துப்புரவான வெறுமை. ஹெட்போனில் கேட்டால் அம்மாயி பேசும்போது காம்பரா இருக்கிறது. வெட்டு வரும் இடத்தில் காம்பராவே காணாமல் போகிறது. மறுபடி பேசினால் திரும்பி வருகிறது. இருமலை விட்டு வைத்திருந்தால்கூட யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இந்தக் குழிகளை எல்லாக் காதும் பிடித்துக்கொண்டது.

அந்தக் குழியை நிரப்ப வேண்டியது எது? தகரத்திலிருந்து சொட்டும் நீர், கீழே ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) கொழுந்து வாட்டும் விசிறிகளின் ஓயாத இரைச்சல், ஒயரில் புகுந்த 50 ஹெர்ட்ஸ் மின்சார ரீங்காரம், மைக்கின் சொந்தச் சீறல், காம்பராவில் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும் ஆறு பேர். ஆட்கள் வெளியே போய்விட்டால் அதுவும் மாறிவிடும், ஏனென்றால் உடம்பும் உடுப்பும் ஒலியை உறிஞ்சும். இத்தனையும் இருக்கிற ஒன்றை மௌனம் என்றால் எப்படி?

> 'சூழொலி' ஏற்கனவே இருக்கிறதே, அதையே எடுத்துக்கொண்டால் என்ன?

இருக்கிறது, அதுதான் இடைஞ்சல். ஒருவர் சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்துக் கேட்கும் முறைக்கு அதைச் சொல்கிறார், இன்னொருவர் படத்தில் கேட்க வேண்டிய குருவி, ரயில், ஆற்றுச் சத்தத்துக்குச் சொல்கிறார். நானுஓயா ஸ்டேஷனில் ரயில் வந்து நிற்கும் சத்தத்தை நான் ஆசைப்பட்டுப் பதிவேன், படத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி வைப்பேன். இப்போது நாம் பேசும் ஒரு நிமிடமோ யார் காதிலும் தனியாக விழக்கூடாது. விழுந்தால் என் வேலை கெட்டது என்று பொருள். இரண்டுக்கும் ஒரே பெயர் வேண்டாம். 'பின்னணி இரைச்சல்' என்பதும் எனக்கு ஒப்பவில்லை. இரைச்சல் என்றதும் நீக்கவே கை போகும். இதையோ வேலை மெனக்கெட்டுச் சேர்க்கிறோம்.

கண்டியிலிருந்து எழுதிய நண்பர் சொன்னது சரி: 'அறை' என்பதையே விட்டுவிட வேண்டும். மலையில் கொழுந்தெடுக்கும் இடத்தில் நின்று ஒருவரைப் பேசவைத்தாலும் இதே ஒரு நிமிடம் வேண்டும். அங்கே அறை ஏது? லயத்திலும் அறை என்று யாரும் சொல்வதில்லை, காம்பராதான்.

சரி, என் சொல்லுக்கு வருகிறேன். அது என் சொல்லும் இல்லை. விட்டுப்போன அந்த ஒரு நிமிடத்துக்காக அடுத்த வாரம் மறுபடி அதே காம்பராவுக்குப் போனோம். இந்த முறை பிள்ளைகளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று நான் திணறிக்கொண்டிருந்தபோது அம்மாயியே முந்திக்கொண்டார்: "ஆளரவமே கேக்கக்கூடாதாம், சும்மா இருங்கடா."

ஆளரவம் போன பிறகு மிஞ்சுவது என்ன? இடத்தின் அரவம். ஆகவே இட அரவம்.

> அரவம் என்றால் பாம்பு. லயத்துக்குள் பாம்பு பிடிக்கப் போகிறீர்களா?

எங்களுக்கு இங்கே அட்டைத் தொல்லைதான் ஐயா. பாம்பு என்ற பொருள் தேவாரத்தில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 'ஆளரவமற்ற தெரு' என்று படிக்கும்போது யாராவது பாம்பைத் தேடுகிறோமா? தொல்காப்பிய உரியியலைப் பாருங்கள். கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என்ற நான்கு சொற்களுக்கும் பொருள் சொல்லும்போது அது கையாளும் சொல் 'அரவம்'. அன்றைக்கே கடினமான சொற்களை விளக்கப் பயன்பட்ட எளிய சொல் அது. இன்றைக்கு அம்மாயி வாயிலும் இருக்கிறது. இவ்வளவு காலம் தாங்கிய சொல்லுக்கு ஒரு பாம்பு பெரிய இடைஞ்சலா?

அதே நூற்பாவிலிருந்து 'சும்மை'யை எடுத்து யாழ்ப்பாணத்து நண்பர் முன்வைத்தது என்னை ஒரு இரவு தூங்கவிடவில்லை. ஒலி என்று பொருள், காதில் விழுவதோ 'சும்மா'. சும்மா இருக்கும்போது கேட்கும் ஒலிக்குச் சும்மை! இதைவிடக் கெட்டிக்காரத்தனமான சொல் இந்த இழையில் வரவில்லை. ஆனால் தோட்டத்தில் போய் "சும்மை எடு" என்றால் தம்பி மூலையில் கிடக்கும் சாமான் பையைத் தோளில் தூக்குவான். இங்கே சுமை என்பது எல்லாருக்கும் அவ்வளவு நெருக்கம். மனசில்லாமல்தான் விட்டேன்.

'இடம்' என்பதற்குப் பதில் 'களம்' சேர்க்கலாம் என்றவருக்கு: புணர்ந்தால் 'களவரவம்' ஆகும், களவு முன்னால் வந்து நிற்கும். 'இடவரவம்' என்று சேர்த்தாலும் வாசிப்பவர் ஒருகணம் தடுமாறுகிறார். அதனால் பிரித்தே எழுதுவோம்; இலக்கணம் அறிந்தவர்கள் பொறுத்தருள வேண்டும்.

பட்டியலில் ஏற்றுவதானால் விளக்கம் இப்படி இருக்கலாம்:

இட அரவம்: படப்பிடிப்பு நடந்த இடத்தில், யாரும் பேசாமலும் அசையாமலும் இருக்கும்போது, பேச்சைப் பதிந்த அதே மைக்கை அதே இடத்தில், அதே அளவில் வைத்து 30 முதல் 60 விநாடி வரை எடுக்கும் பதிவு. தொகுப்பில் வெட்டுகளை நிரப்பவும், இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்கு மாதிரியாகக் காட்டவும் உதவும்.

எங்கள் பையன்கள் இப்போதே அதைச் சுருக்கி, "அரவம் எடுத்தாச்சா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து

பி.கு.: காற்றைத் தடுக்க மைக்குக்கு மாட்டும் ரோம உறைக்கும் பெயர் கேட்டிருந்தீர்கள். இங்கே எல்லாரும் 'பூனை' என்கிறார்கள். மழையில் நனைந்த பூனையை அடுப்படியில் காயவைத்துப் புகை நாற்றம் பிடிக்கவைத்த கதை வேறு இருக்கிறது. அதற்குத் தனி இழை திறக்கட்டுமா?