தொழிற்பயிற்சிப் பாரத்தில் (படிவத்தில்) பழைய வழக்கைப் பற்றிய கேள்வி: மாணவன் என்ன எழுத வேண்டும்?

தோட்டத்து டீச்சர், சுங்கை சிப்புட், மலேசியா:
வணக்கம். செம்பனைத் தோட்டமொன்றில் மாலை வகுப்பு நடத்துகிறேன். என்னிடம் எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) வரை படித்த பையன் இப்போது தனியார் கல்லூரியில் டிப்ளோமா இறுதியாண்டில் இருக்கிறான். 17 வயதில், தன்னைவிட மூத்த இருவரோடு மோட்டார் சைக்கிள் திருட்டு வழக்கில் சிக்கி, நன்னடத்தைப் பிணையில் விடப்பட்டான், பிணைக்காலமும் முடிந்துவிட்டது. இப்போது தொழிற்பயிற்சிப் பாரத்தில் குற்றம் பற்றி ஒரு கேள்வி இருப்பதால், ஆம் என்றால் இடம் கிடைக்காது, இல்லை என்றால் பொய்யாகிவிடும் என்று பாரத்தையே அனுப்பாமல், அப்பாவோடு குலை வெட்டப் போகிறேன் என்கிறான். கல்லூரி அலுவலகத்தில் கேட்டேன். உண்மையை எழுதச் சொல்லுங்கள் என்றார்கள். எது உண்மை என்பதுதான் எங்களுக்குப் புரியவில்லை.

ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், ஈப்போ:
டீச்சர், முதலில் பாரத்தில் உள்ள மலாய் வாசகத்தை அப்படியே எழுதுங்கள். 'டிசாபிட்கான்' என்றால் குற்றத்தீர்ப்பு பெற்றதுண்டா என்று பொருள். 'டிடக்வா' என்றால் குற்றம் சாட்டப்பட்டதுண்டா என்று பொருள். அடுத்து, நீதிமன்ற ஆணையின் தலைப்பைப் பாருங்கள். 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டவர்களைச் சிறார் நீதிமன்றம் விசாரிக்கும்போது மாஜிஸ்திரேட்டுடன் இரண்டு ஆலோசகர்கள் அமர்வார்கள். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருப்பார். அந்த நீதிமன்றம் கையாண்ட சிறாரைக் குறித்துக் 'குற்றத்தீர்ப்பு', 'தண்டனை' என்ற சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்பதும் சட்டம். பெரியவர்களோடு கூட்டாகக் குற்றம் சாட்டப்பட்டிருந்தால் வழக்கு வேறு நீதிமன்றத்துக்குப் போயிருக்கும் என்பதால்தான் தலைப்பைக் கேட்கிறேன். பையனின் பெயரையும் கல்லூரியின் பெயரையும் இங்கே எழுதிவிடாதீர்கள்.

தோட்டத்து டீச்சர்:
ஐயா, ஆணையை அவன் அம்மா மைலோ டின்னுக்குள், பிறப்புப் பத்திரத்தோடு நான்காக மடித்து வைத்திருந்தார். மடிப்பில் எழுத்து அழிந்திருந்தாலும் தலைப்பு தெளிவாக இருக்கிறது: 'மஹ்காமா பாகி கானாக்-கானாக்', அதாவது சிறார் நீதிமன்றம். மற்ற இருவர் மீதும் தனி வழக்காம். மாஜிஸ்திரேட்டின் பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், அதில் ஒரு சீன அம்மா தன்னிடம் படிப்பைப் பற்றிக் கேட்டார் என்று அவனுக்கே நினைவிருக்கிறது. பாரத்தில் இருக்கும் சொல் 'டிசாபிட்கான்'.

ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்:
அப்படியென்றால், 'இல்லை' என்று எழுதுவது பொய்யாகாது என்பதே என் கருத்து. ஆனால் நான் வழக்கறிஞன் அல்லன். ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது. ஆணையையும் பாரத்தையும் அங்கே காட்டிய பிறகே கையெழுத்திடச் சொல்லுங்கள். வேறொரு பாரத்தில் 'டிடக்வா' என்று கேட்டிருந்தால், அதற்கு மறைக்காமல் நான்கு வரி எழுத வேண்டியிருக்கும்.

விரிவுரையாளர், தைப்பிங்:
அலுவலகம் சொன்ன பதில் எனக்கு வருத்தமளிக்கிறது. இத்தகைய மாணவர்கள் தயங்காமல் போய்ப் பேச ஒருவராவது கல்லூரியில் இருக்க வேண்டும். கலிபோர்னியாவில், கொள்ளைக் குற்றத்துக்காகச் சிறையிலிருந்து பின்பு சமூகவியல் பேராசிரியரான ஜான் இர்வின், 1967இல் சான் பிரான்சிஸ்கோவில் 'புரொஜெக்ட் ரீபவுண்ட்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். சிறையிலிருந்து வந்தவர்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்து, படிப்பை முடிக்கும்வரை துணைநிற்பது அதன் வேலை. நம் கல்லூரிகளில் அவ்வளவு பெரிய ஏற்பாட்டை இன்று எதிர்பார்க்க முடியாது. அவன் நம்பும் விரிவுரையாளர் ஒருவரை மட்டும் கண்டுபிடியுங்கள். தொழிற்பயிற்சி நிறுவனம் ஏதேனும் கேட்டால், பதில் சொல்லும் பொறுப்பு அவன் தலையில் மட்டும் விழாது.

தோட்டத்து டீச்சர்:
வெள்ளிக்கிழமை மையத்துக்குப் போய் வந்தோம். வழக்கறிஞர் ஆணையை இருமுறை படித்துவிட்டு, ஐயா சொன்னதையே சொன்னார். பாரம் நேற்றுப் போய்விட்டது. கணக்கியல் விரிவுரையாளர் ஒருவரிடம் பையன் தானாகவே பேசியிருக்கிறான். ஆனால் விடுதிப் பாரத்தில் 'டிடக்வா' என்றே கேட்டிருக்கிறார்கள். அந்த நான்கு வரியை இன்றிரவு வகுப்பு முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து எழுதப்போகிறோம்.