இடையா, பல்லா? ஒரு பயிற்சி வகுப்புக்குப் பெயர் தேடி

சுங்கை சிப்புட்டிலிருந்து, மறைக்கல்வி ஆசிரியை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

எல்லோரும் பசியாறியிருப்பீர்கள் என்ற தைரியத்தில் ஒரு வேலையை உங்கள் தலையில் கட்டுகிறேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கும் கிறிஸ்தவ ஆசிரியர்களுக்கு, மூன்று சனிக்கிழமைகள் எங்கள் ஊரில் பயிற்சி நடக்கப் போகிறது. கத்தோலிக்கர், லுத்தரன், மெத்தடிஸ்டு என்று மூன்று தரப்பும் வருகிறார்கள். பொருள், இன்டர்கல்ச்சுரல், இன்டர்ஃபெய்த் எடுகேஷன் ஃபார் பீஸ். மலாயில் அறிவிப்பு எழுதிய தம்பி ‘அந்தாரா அகமா’ (சமயங்களுக்கு இடையே) என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டான். தமிழ் அறிவிப்பு என் பொறுப்பு. நான்கு நாளாக முதல் வரியிலேயே நிற்கிறேன்.

பயிற்சி ஏன் வந்தது என்று சொன்னால்தான் எந்தச் சொல் வேண்டும் என்பது விளங்கும். போன வருஷம் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவின்போது என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, ஒன்பது வயது, பக்கத்து வீட்டுத் தோழி நீட்டிய சர்க்கரைப் பொங்கலை வாங்க மறுத்துவிட்டாள். மறுத்தது கூடப் பரவாயில்லை. “இது பேய்க்குப் படைச்சது, டீச்சர் சொன்னாங்க” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அந்த டீச்சர் நான்தான்.

நான் அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று சாதிக்க முடியாது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 10ஆம் அதிகாரத்தை நடத்தினேன். 20ஆம் வசனத்தில் அந்தப் பேய் வருகிறது. ஏழு வசனம் தள்ளி, நம்பிக்கை கொள்ளாத ஒருவர் உங்களை விருந்துக்குக் கூப்பிட்டால் பரிமாறுவதைக் கேள்வி கேட்காமல் சாப்பிடுங்கள் என்றும் வருகிறது. அடுத்த வசனம் மறுபடி வேறு பக்கம் திரும்புகிறது. இதையெல்லாம் நிதானமாக நடத்தியிருக்க வேண்டும். மணி அடித்துவிட்டது, 20ஆம் வசனத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். தோட்டம் இருந்த காலத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வாழ்ந்த இரண்டு குடும்பங்கள் இன்று எதிரெதிரே வந்தாலும் தலையைக் குனிந்துகொள்கின்றன. சண்டை கிடையாது. அமைதியாகத்தான் இருக்கிறார்கள்.

ஆக, எங்களுக்கு வேண்டியது மற்றச் சமயங்களைப் பற்றிய பொது அறிவு வகுப்பு அல்ல. அந்தப் பொங்கல் பாத்திரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிறவர்கள் எப்படிப் பேசிக்கொள்வது என்பதை ஆசிரியருக்குச் சொல்லித்தரும் வகுப்பு.

கைவசம் உள்ள சொற்கள் பல்சமயக் கல்வி, சர்வமதக் கல்வி, சமய நல்லிணக்கக் கல்வி, சமரசக் கல்வி. ‘நல்லிணக்கம்’ வேலையின் பெயர் அல்ல, வேலை முடிந்த பிறகு கிடைக்கும் கூலியின் பெயர். ‘சமரசம்’ பெரிய சொல்தான். வள்ளலார் 1865இல் தொடங்கிய சங்கத்தின் பெயரிலேயே இருந்தது. ஆனால் இன்றைக்குச் சமரசம் என்றால் ‘விட்டுக்கொடுத்துவிட்டார்’ என்றுதான் காதில் விழுகிறது. எங்கள் மூத்த உபதேசியார் ஒருவர் ஏற்கெனவே “வேற்று மதத்தை நாம் எதற்கம்மா பாடம் நடத்தணும்?” என்று கேட்டுவிட்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட அறிக்கையிலேயே, பிற சமயங்களில் உள்ள உண்மையானதும் தூயதுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று இருப்பதைக் காட்டிய பிறகுதான் சம்மதித்தார். அவரிடம் போய்ச் ‘சமரசம்’ என்றால் தொலைந்தேன்.

மிச்சம் ‘பல்சமயம்’. கத்தோலிக்க வட்டாரத்தில் ‘பல்சமய உரையாடல்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் ‘பல்’ என்றால் பல இருக்கின்றன, அவ்வளவுதான். தீபாவளிக்குத் திறந்த இல்ல உபசரிப்பு வைக்கிறோம், எல்லா இனத்தவரும் வருகிறார்கள், முறுக்கு தின்கிறார்கள், படம் பிடிக்கிறார்கள், போகிறார்கள். அது ‘பல்’. யாரும் யாரையும் ஒரு கேள்வி கேட்பதில்லை. யுனெஸ்கோ 2006இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைப் பிரித்தே சொல்கிறது: ‘மல்ட்டி’ என்பது பல பண்பாடுகள் ஓரிடத்தில் இருக்கும் நிலை, ‘இன்டர்’ என்பது அவற்றுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் உறவு. வத்திக்கானின் கல்வித் துறை 2013இல் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு எழுதியதில் இன்னும் கறாராக மூன்று வழிகள். ஒன்று, அவரவர் அவரவர் மூலையில். இரண்டு, சிறியதைப் பெரியது விழுங்கிவிடுவது. மூன்றாவதுதான் பேச்சுவார்த்தை. எனக்கு அந்த மூன்றாவதுக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். ‘இடைச்சமயக் கல்வி’ என்று எழுதிப் பார்த்தேன். சரிதானா?

பதில்: கிள்ளானிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, சரியில்லை. ‘இடைச்சமயக் கல்வி’ என்று சுவரில் ஒட்டினால், ஓய்வு நேரத்தில் நடக்கும் வகுப்பு என்று நினைத்து ஆள் வரும். சமயம் என்றால் நேரமும்தான். அதை விடுங்கள். ‘இடை’ முன்னால் வந்தால் தமிழில் ‘நடுவில் உள்ளது’ என்று பொருள்: இடைச்சங்கம், இடைக்காலம், இடைவேளை, இடைத்தேர்தல். இடைச்சங்கம் என்றால் இரண்டு சங்கங்கள் பேசிக்கொண்டதாக யாராவது சொல்வார்களா? முதலுக்கும் கடைக்கும் நடுவில் ஒன்று, அவ்வளவே. உங்கள் சொல்லைப் பிரித்தால் இந்துவும் இல்லாத கிறிஸ்தவமும் இல்லாத மூன்றாவது சமயம் ஒன்று கிடைக்கும். உபதேசியார் பயந்தது அதைத்தான்.

‘இடை’ பின்னால் வரட்டும். நன்னூல் ஏழாம் வேற்றுமைக்குத் தரும் உருபுப் பட்டியலிலேயே ‘இடை’ உண்டு. சமயங்களிடை, பண்பாடுகளிடை. பன்மை கட்டாயம், ஒன்றுக்கு ஏது இடை? சமயங்களிடைக் கல்வி. கொஞ்சம் நீளம்தான், வாயில் உட்காரும்.

இன்னொன்று. ‘பன்னாட்டு’ என்ற சொல் இன்டர்நேஷனலுக்கும் மல்ட்டிநேஷனலுக்கும் ஒன்றாகவே ஓடிக் குழப்பிக்கொண்டிருக்கிறது. நம் நாட்டுப் பத்திரிகைகள் ‘அனைத்துலக’ என்று எழுதித் தப்பித்துக்கொண்டன. உங்களுக்கு அந்த வழியும் இல்லை. ‘அனைத்துச்சமய’ என்றால் எல்லாரையும் கூப்பிட்டாக வேண்டும்.

உங்கள் மலாய்த் தம்பி கெட்டிக்காரன் என்று நினைக்காதீர்கள். ‘அந்தாரா’, ‘அகமா’ இரண்டும் வடமொழியிலிருந்து போனவை. அந்த ஆகமம் மலாயில் சமயம் ஆகிவிட்டது. நம்மிடம் கோயிலில் பூசை செய்யும் குருக்களுக்கும் ஆகமம், புரொட்டஸ்டண்ட் வீட்டில் ஆதியாகமமும் ஆகமம். ஒரே சொல் மூன்று வீட்டில் மூன்று வேலை பார்க்கிறது. முதல் வகுப்பை இதிலிருந்தே தொடங்கலாமே?

பதில்: பாரிட் புந்தாரிலிருந்து, கோயில் செயலாளர்

பல்சமயம் என்றே போடுங்கள். படிக்கிறவனுக்குப் புரிய வேண்டும். செம்பனைக் காட்டில் வேலை முடிந்து வருகிறவன் வேற்றுமை உருபு பார்த்தா கூட்டத்துக்கு வருவான்?

பதில்: ஈப்போவிலிருந்து

டீச்சருக்கு வணக்கம். நாங்கள் முஸ்லிம் வீடுகளில் ‘மார்க்கம்’ என்போம். மதம் என்றும் சமயம் என்றும் எங்களைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். அதற்காக ‘மார்க்கங்களிடை’ என்று வைக்கச் சொல்லவில்லை. பொதுச் சொல் என்று நீங்கள் எடுக்கும் எந்தச் சொல்லும் ஒரு வீட்டின் வாடையோடுதான் வரும், அதைப் பயிற்சியில் சொல்லிவிடுங்கள் என்கிறேன். ‘மதம்’ மட்டும் வேண்டாம். யானைக்குப் பிடிப்பதும் அதுதான்.

பெயரின் பின்பாதியைக் கவனியுங்கள். அறிவிப்பில் எங்கேயும் ‘போதனை’ என்ற சொல் வர வேண்டாம். மலேசிய அரசியலமைப்பின் 11(4)ஆம் பிரிவு முஸ்லிம்களிடையே வேறு சமயக் கொள்கையைப் பரப்புவதை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தலாம் என்கிறது. தேவாலய மண்டபத்தில் ‘சமயப் போதனை’ என்று எழுதி, பேச வருபவராக என்னையும் போட்டால், நான் கேட்க வந்தேனா பேச வந்தேனா என்று என் வீட்டிலேயே கேட்பார்கள். ‘கல்வி’ இருக்கட்டும். ‘கிறிஸ்தவ ஆசிரியர்களுக்கான பயிற்சி’ என்று யாருக்கானது என்பதையும் முதல் வரியிலேயே எழுதுங்கள். அப்போது நான் தாராளமாக வந்து பேசுவேன்.

பதில்: சுங்கை சிப்புட்டிலிருந்து, மறைக்கல்வி ஆசிரியை

கிள்ளான் ஐயா, பாய், செயலாளர் அண்ணன், மூவருக்கும் நன்றி.

அண்ணன் சொன்னதை ஒதுக்கவில்லை. நேற்று அறிவிப்பை எடுத்துக்கொண்டு நான்கு வீடு ஏறினேன். ‘பல்சமயக் கல்வி’ என்றதும் எல்லோரும் தலையாட்டினார்கள். என்ன நடக்கும் என்று கேட்டால், “எல்லாச் சாமியையும் கும்பிடுவீங்க” என்றார் ஒரு அம்மா. ‘சமயங்களிடைக் கல்வி’ என்றதும் “அப்படீன்னா?” என்றார்கள். தப்பாகப் புரிவதைவிடக் கேள்வி வருவது மேல் என்று தோன்றியது. புதுச்சொல் ஊரில் நிலைக்காது என்பதும் இல்லை. எங்கள் ஊரில் 1954இல் ஒரு பள்ளிக்கு மகாத்மா காந்தி கலாசாலை என்று பெயர் வைத்தார்கள். ‘கலாசாலை’ வேறெங்கும் அவ்வளவாகக் காதில் விழுவதில்லை, இங்கே ஆட்டோமெக்கானிக்கும் சொல்வார்.

இப்போது ‘பீஸ்’. இதில் யாரும் கைவைக்கவில்லை, நானே மாட்டிக்கொண்டேன். எங்கள் கத்தோலிக்க விவிலியத்தில் ‘அமைதி ஏற்படுத்துவோர் பேறுபெற்றோர்’. லுத்தரன் அக்கா கையில் உள்ள பழைய வேதாகமத்தில் ‘சமாதானம் பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள்’. கூட்டத்தில் இதற்கே முக்கால் மணி நேரம் போனது. நான் அமைதிக் கட்சியாகத்தான் உள்ளே போனேன். ஆனால் தமிழ்ப்பள்ளியில் இருபது வருஷமாக நான் ‘அமைதி!’ என்று கத்தினால் அதற்கு ஒரே அர்த்தம், வாயை மூடு. இரண்டு குடும்பமும் தலையைக் குனிந்துகொண்டு போவதும் அமைதிதான். சமாதானம் அப்படியில்லை, அதைப் பண்ண வேண்டும், பேச வேண்டும், யாராவது முதலில் போய்க் கதவைத் தட்ட வேண்டும். அக்கா ஜெயித்துவிட்டார். சமாதானக் கல்வி.

பாய், வாடை பற்றிச் சொன்னீர்களே, என் பாட்டி ‘வேதத்தில் சேர்ந்தவர்கள்’ என்றுதான் கிறிஸ்தவர்களைச் சொல்வார். தேவாலயம் அவருக்கு வேதக்கோயில். பக்கத்து வீட்டு ஐயருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். இதையும் கிள்ளான் ஐயாவின் ஆகமத்தையும் முதல் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்கிறோம். அதற்கு முன்னால் ‘மறைக்கல்வி’ என்று எழுதுவதா ‘ஞாயிறு பள்ளி’ என்று எழுதுவதா என்பதையே நாங்கள் மூன்று சபையும் தீர்க்க வேண்டியிருந்தது. இடை என்பது எங்கள் மண்டபத்துக்குள்ளேயே ஆரம்பித்துவிட்டது.

அறிவிப்பு இப்படிப் போகிறது:

‘சமாதானத்திற்கான பண்பாடுகளிடை, சமயங்களிடைக் கல்வி: கிறிஸ்தவ ஆசிரியர்களுக்கான பயிற்சி.’

அதற்குக் கீழே சின்ன எழுத்தில், செயலாளர் அண்ணனுக்காக: ‘அடுத்த வீட்டார் நம்பிக்கையைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?’

பொங்கல் கொடுத்த வீட்டு அம்மாவிடம் இதைக் காட்டினேன். மேல் வரியைப் படிக்கவில்லை. கீழ் வரியை இரண்டு தடவை படித்துவிட்டு, “எங்க புள்ளைங்களும் கேக்குதுங்க டீச்சர், நாங்களும் வரலாமா?” என்றார். அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ‘கிறிஸ்தவ ஆசிரியர்களுக்கான’ என்று போட்டாயிற்றே.

கிள்ளான் ஐயா, ‘பண்பாடுகளிடை’க்குப் பின்னால் காற்புள்ளி வைத்தால் போதுமா, இல்லை இரண்டையும் சேர்த்து எழுத வேறு வழி உண்டா? நாளைக் காலை அச்சுக்குப் போகிறது, இன்றிரவே சொல்லுங்கள்.