ஒழுக்கப் பிரமாணம் மாறாதது என்றால், வழக்கொழிந்த கட்டளைகளை எப்படிப் புரிந்துகொள்வது?

வேதவாசகன் (கேள்வி)

அன்பான சகோதர சகோதரிகளுக்குத் தோத்திரம்.

தேவனுடைய ஒழுக்கப் பிரமாணம் எக்காலத்துக்கும் மாறாதது என்று ஏறக்குறைய எல்லாத் திருச்சபைகளும் கற்பிக்கின்றன. தேவனிடத்தில் "யாதொரு மாறுதலும் யாதொரு வேற்றுமையின் நிழலுமில்லை" என்று யாக்கோபு 1:17 சொல்லும்போது, அவருடைய பரிசுத்தத்தை நமக்குக் காட்டும் பிரமாணமும் மாறாது என்று கொள்வதே முறை. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

என் சிக்கல் லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதன் 18-ஆம் வசனம், "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்கிறது. அதை மாறாத கற்பனைகளின் சிகரம் என்கிறோம். அடுத்த வசனமோ வெவ்வேறு விதைகளை ஒரே வயலில் கலந்து விதைக்கக் கூடாது என்றும், சணல்நூலும் கம்பளிநூலும் கலந்த வஸ்திரத்தை உடுத்தக் கூடாது என்றும் கட்டளையிடுகிறது; அதை நம்மில் ஒருவரும் கைக்கொள்வதில்லை. இது ஒழுக்கம், அது சடங்கு என்று பிரித்துக் காட்டும் ஒரு சொல்கூட அங்கே இல்லை. அப்படியானால் எந்த அளவுகோலைக் கொண்டு பிரிக்கிறோம்? நமக்கு உடன்பாடானதை மாறாதது என்றும், ஒத்துவராததை நிறைவேறி முடிந்தது என்றும் சொல்லிக்கொள்கிறோம் என்று ஒருவர் குற்றஞ்சாட்டினால், அவருக்கு என்ன பதில் சொல்வது?

சீர்திருத்த மாணவன்

நீங்கள் கேட்கும் அளவுகோலைச் சீர்திருத்தச் சபைகள் மூன்று வகையாகப் பிரித்து எழுதிவைத்திருக்கின்றன. 1646-இல் முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் 19-ஆம் அதிகாரம், ஒழுக்கப் பிரமாணம் எல்லா மனிதரையும் என்றென்றைக்கும் கட்டுப்படுத்துகிறது என்றும், சடங்காச்சாரப் பிரமாணம் கிறிஸ்துவில் நிறைவேறி ஒழிந்தது என்றும், இஸ்ரவேல் என்ற தேசத்துக்கு அளிக்கப்பட்ட நீதிச் சட்டங்கள் அந்தத் தேசத்தின் அரசமைப்போடு முடிந்தன என்றும் சொல்கிறது. ஆங்கிலிக்கன் சபையின் 39 பிரிவுகளில் ஏழாவதும் இதே கருத்துடையதுதான்.

ஆனால் "முடிந்தன" என்பதோடு அறிக்கை நின்றுவிடவில்லை. அந்தச் சட்டங்களின் பொதுவான நியாயம் இன்னும் கோரப்படுகிறது என்கிறது. புது வீடு கட்டுகிறவன் மெத்தைக்கு (மேல்தளத்துக்கு) கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும், ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்று உபாகமம் 22:8 கூறுகிறது. மேல்தளத்தில் யாரும் நடமாடாத வீட்டுக்கு அந்தச் சுவர் தேவையில்லை. ஆயினும் என் கவனக்குறைவால் பிறனுடைய உயிர் போகக் கூடாது என்ற கடமை எந்த வீட்டையும் விட்டு நீங்குவதில்லை. போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே என்ற கட்டளையிலிருந்து, சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்குப் பிழைப்புக் கொடுக்கவேண்டும் என்று பவுல் 1 கொரிந்தியர் 9-இல் வாதாடுவதும் இந்த முறைப்படியே.

இந்தப் பிரிவு நம்முடைய வசதிக்காகச் செய்யப்பட்டதல்ல என்பதற்கு ஆமோஸ் தீர்க்கதரிசி முதல் இரண்டு அதிகாரங்களில் சாட்சி சொல்கிறார். நியாயப்பிரமாணத்தைப் பெறாத தேசங்களை அங்கே கர்த்தர் ஒவ்வொன்றாக விசாரிக்கிறார். தமஸ்கு கீலேயாத்தை இருப்புக் கருவிகளால் போரடித்தது. காசா ஜனங்களை முழுவதுமாகச் சிறைப்பிடித்து ஏதோமியரிடம் ஒப்புவித்தது. அம்மோன் தன் எல்லையை விரிவாக்கக் கர்ப்பஸ்திரீகளைக் கீறிப்போட்டது. மோவாபின் குற்றமோ ஏதோமின் ராஜாவுடைய எலும்புகளை நீறாகச் சுட்டது. இந்தக் கடைசிக் குற்றத்தில் இஸ்ரவேலுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒரு புறஜாதி இன்னொரு புறஜாதிக்குச் செய்த கொடுமைக்கும் கர்த்தர் கணக்குக் கேட்கிறார். ஆனால் அவர்கள் ஓய்வுநாளை மீறினார்கள் என்றோ, அசுத்தமான மிருகத்தைப் புசித்தார்கள் என்றோ ஒரு குற்றச்சாட்டும் அங்கே இல்லை. நியாயப்பிரமாணத்தைப் பெற்ற யூதாவின் முறை வரும்போதுதான், கர்த்தருடைய வேதத்தை வெறுத்தார்கள் என்ற குற்றம் சொல்லப்படுகிறது. சீனாய் மலையில் நியாயப்பிரமாணம் கொடுக்கப்படுவதற்கு முன்பே காயீன் கொலைக்குக் குற்றவாளியாக நின்றதையும், "தேவனுக்கு விரோதமாய்ப் பாவம் செய்வது எப்படி" என்று யோசேப்பு சொன்னதையும் இதனோடு சேர்த்து வாசித்தால், கற்பலகைகளுக்கு முன்னும் அவை சென்றடையாத இடங்களிலும் மனிதரைக் கட்டுப்படுத்திய ஒரு பிரமாணம் உண்டு என்பது விளங்கும்.

மறைக்கல்வி ஆசிரியர்

நண்பர் ஆமோசைக் காட்டியது மிகவும் பொருத்தம். கத்தோலிக்க மரபிலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். இந்த மூவகைப் பிரிவைச் சீர்திருத்தவாதிகளுக்கு ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே இறையியலாளர் புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் விரிவாக விளக்கியிருக்கிறார். பழைய திருச்சட்டத்தின் ஒழுக்கக் கட்டளைகள், மனிதர் தம் பகுத்தறிவாலேயே அறியக்கூடிய இயற்கைச் சட்டத்தைச் சார்ந்தவை, ஆகவே பத்துக் கட்டளைகளிலிருந்து யாருக்கும் விலக்களிக்க இயலாது என்பது அவருடைய முடிவு. அவருக்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்த இறையியலாளர் தூன்ஸ் ஸ்கோத்துஸ் இதை அப்படியே ஏற்கவில்லை. கடவுளை நேரடியாகக் குறித்த கட்டளைகளே கண்டிப்பான பொருளில் இயற்கைச் சட்டம். பிறரைக் குறித்த கட்டளைகளிலிருந்து கடவுள் விலக்களிக்கக் கூடும் என்றார் அவர். கடவுளின் சொற்படி ஆபிரகாம் தம் மகன் ஈசாக்கைப் பலியிடப் புறப்பட்ட நிகழ்வு, கொலை செய்யாதே என்ற கட்டளையோடு எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி இருவருக்கும் முன்னால் இருந்தது. ஆகவே, "மாறாதது" என்று ஒரே குரலில் சொன்ன காலத்திலும், எதுவரை மாறாதது என்பதில் ஒரே கருத்து இருந்ததில்லை.

பத்துக் கட்டளைகளின் உள்ளேயும் பகுத்தறிய வேண்டியிருக்கிறது. ஓய்வுநாளுக்கு விடுதலைப் பயணம் (யாத்திராகமம்) 20 தரும் காரணம், கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்தார் என்பது. இணைச் சட்டம் (உபாகமம்) 5 தரும் காரணம், நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய் என்பது. கடவுளை வழிபட ஒரு காலத்தை ஒதுக்குவது ஒழுக்கக் கடமை என்றும், அது ஏழாம் நாளாகவே இருக்கவேண்டும் என்பது சடங்கைச் சார்ந்தது என்றும் அக்குவினாஸ் பிரிக்கிறார்.

ஏழாம் நாள் ஆசரிப்பவன்

மன்னிக்கவும், ஆசிரியர் முடிக்கும் இடத்தில்தான் எனக்கு மறுப்பு இருக்கிறது. பத்துக் கற்பனைகள் தேவனுடைய விரலினால் எழுதப்பட்டவை. அந்தப் பலகைகள் உடன்படிக்கைப் பெட்டிக்குள்ளே வைக்கப்பட்டன. மோசே எழுதிய நியாயப்பிரமாண புஸ்தகமோ பெட்டியின் பக்கத்திலே வைக்கப்பட்டது என்று உபாகமம் 31 சொல்கிறது. வேதமே இந்த வேறுபாட்டைக் காட்டியிருக்க, ஒன்பது கற்பனைகளை மாறாதவை என்று சொல்லிவிட்டு நான்காவதாகிய ஓய்வுநாள் கற்பனையை மட்டும் பாதியாக வெட்டுவதற்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? வேதவாசகன் சொன்ன குற்றச்சாட்டு நியாயமாகப் பொருந்துவது இந்த இடத்துக்குத்தான்.

வேதவாசகன்

எல்லாருக்கும் நன்றி. இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். சடங்குகள் ஒழிந்ததை எளிதில் ஏற்றுக்கொள்ள முடிகிறது. ஒழுக்க விஷயங்களிலேயே மாற்றம் தெரிகிறதே, அதை என்ன செய்வது? மனைவியை விலக்கிவிடும் தள்ளுதற்சீட்டை மோசே அனுமதித்தார், இயேசு மறுத்தார். அடிமைகளை வாங்க லேவியராகமம் 25 இடங்கொடுக்கிறது, இன்று அதைப் பாவம் என்கிறோம். வட்டி வாங்குவது ஒருகாலத்தில் பெரும் பாவம், இன்று திருச்சபைகளுக்கே வங்கிக் கணக்கு இருக்கிறது.

மூப்பர்

தேவன் ஏன் மாறாதவர் என்பதிலிருந்து தொடங்குவோம். தேவன் கட்டளையிட்டதால் ஒன்று நன்மையாகிறதா, நன்மையாக இருப்பதால் தேவன் அதைக் கட்டளையிடுகிறாரா என்பது பிளேட்டோவின் காலத்திலிருந்தே கேட்கப்படும் கேள்வி. முதலாவது சரியென்றால் நாளைக்கே அவர் கொடுமையைக் கட்டளையிடலாம். இரண்டாவது சரியென்றால் அவருக்கும் மேலே ஒரு சட்டம் இருக்கும். கிறிஸ்தவ இறையியலின் பெரும்போக்கு இரண்டையும் மறுத்து, நன்மை என்பது தேவனுடைய சுபாவமே என்கிறது. வேதவாசகன் காட்டிய லேவியராகமம் 19-ஆம் அதிகாரமும், "நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்" என்றுதான் தொடங்குகிறது.

மாறாமைக்கு நாம் அடிக்கடி எடுத்தாளும் மல்கியா 3:6-ஐ அதன் இடத்தில் வைத்து வாசிப்பவர்கள் குறைவு. அதற்கு முந்திய வசனம் விபசாரருக்கும், பொய்யாணை இடுகிறவர்களுக்கும், கூலியை அபகரிக்கிறவர்களுக்கும், விதவையையும் திக்கற்றவனையும் பரதேசியையும் ஒடுக்குகிறவர்களுக்கும் விரோதமாகக் கர்த்தர் சாட்சியாக வருவதைச் சொல்கிறது. அதையடுத்தே, "நான் மாறாதவர், ஆகையால் யாக்கோபின் புத்திரராகிய நீங்கள் நிர்மூலமாகவில்லை" என்று வருகிறது. கூலியை அபகரிப்பதை அவர் என்றைக்கும் வெறுக்கிறார். உடன்படிக்கையின் இரக்கத்தையும் என்றைக்கும் விட்டுவிடுவதில்லை. கண்டிப்பு மட்டும் மாறாதது என்று பிரசங்கிப்பவர்கள் வசனத்தின் பாதியைத்தான் வாசிக்கிறார்கள்.

தள்ளுதற்சீட்டைப் பற்றி இயேசுவே விளக்கம் தந்திருக்கிறார்: இருதயகடினத்தினிமித்தம் மோசே இடங்கொடுத்தார், "ஆதிமுதலாய் அப்படியிருக்கவில்லை." ஒரு தேசத்தின் சட்டம் ஒரு தீமையைச் சகித்து அதற்கு எல்லை வகுப்பது வேறு, தேவன் அதை நன்மை என்று சொல்வது வேறு. அடிமைத்தனத்தையும் இந்த வழியில்தான் பார்க்கிறேன். மனிதனைத் திருடி விற்பவனுக்கு மரணதண்டனை என்று யாத்திராகமம் 21:16 சொல்கிறது. நான்காம் நூற்றாண்டிலேயே நிசாவின் கிரகோரி, தேவசாயலுக்கு என்ன விலை கொடுத்து வாங்கினாய் என்று அடிமைகளை உடையவர்களைப் பார்த்துக் கேட்டார். ஆனாலும் அவருக்குப் பின் பல நூற்றாண்டுகள் கிறிஸ்தவர்கள் மனிதரை வாங்கி விற்றார்கள். பிரமாணம் மாறவில்லை, நாம் புரிந்துகொள்ளத் தாமதித்தோம் என்ற பதில் சரியானதுதான். ஆனால் அந்தத் தாமதத்துக்கு அதை ஒரு சாக்காக்கிவிடக் கூடாது.

மறைக்கல்வி ஆசிரியர்

வட்டியைக் குறித்து மட்டும் சொல்லிவிடுகிறேன். 1179-இல் கூடிய மூன்றாம் லாத்தரன் பொதுச்சங்கம், வெளிப்படையாக வட்டித் தொழில் செய்பவர்களுக்கு நற்கருணையும் கிறிஸ்தவ அடக்கமும் மறுக்கப்படவேண்டும் என்றது. 1745-இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் தம் சுற்றுமடலில் அந்தத் தடையை மீண்டும் உறுதிப்படுத்தினார்; கடன் என்பதற்காகவே கூடுதல் பணம் கேட்பது பாவம், ஆனால் கடனுக்குப் புறம்பான வேறு நியாயமான காரணங்களால் கூடுதல் தொகை பெறலாம் என்றார். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்போ, சொத்துகளை நிர்வகிப்பவர்கள் கடனுக்கான வட்டியை உரிய காலத்தில் செலுத்தவேண்டும் என்று சாதாரணமாகச் சொல்கிறது.

வறியவருடைய நெருக்கடியைக் கொண்டு ஆதாயம் தேடாதே என்பதே விடுதலைப் பயணம் 22:25-இன் உள்ளீடு. அது இன்றும் பாவம்தான். மாறியது பணத்தின் பயன்பாடு என்று விளக்கும் இறையியலாளர்களின் கருத்தை நான் ஏற்கிறேன். ஆயினும் இது வெறும் பயன்பாட்டு மாற்றமன்று, போதனையிலேயே நிகழ்ந்த மாற்றம் என்று வாதிடுகிறவர்களும் எங்கள் சபைக்குள் இருக்கிறார்கள். அவர்களுடைய வாதம் இலேசானதன்று. ஏழாம் நாளைப் பற்றிய சகோதரருடைய மறுப்புக்கும் விரிவான பதில் தேவைப்படுவதால், அதைத் தனி இழையில் தொடர்வோம்.