'ரிட்' என்றால் எந்த ரிட்? இசை நோட்டு வாசிக்கத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு சந்தேகம். பாளையங்கோட்டையில் எங்கள் கோயில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். பழைய ஆர்கன் நோட்டுப் புத்தகம் ஒன்று கிடைத்திருக்கிறது. அலெக்ரோ (வேகமாக), அடாஜியோ (மெதுவாக), பியானோ (மென்மையாக), ஃபோர்த்தே (உரக்க) அளவுக்குச் சமாளித்துவிடுவேன். அதற்கு மேல் தடுமாற்றம்தான்.

முக்கியமாக 'ரிட்' என்று சுருக்கிப் போட்டிருக்கும் இடங்கள். ரிடார்டாண்டோ என்றால் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்; ரிடெனூட்டோ என்றால் அந்த இடத்திலேயே சட்டென்று இழுத்துப் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே சுருக்கத்தைப் போட்டால் நான் எதை வாசிப்பது? நாலு பார் (கோடு போட்டுப் பிரித்த தாளப் பகுதி) கழித்து 'ஆ டெம்போ', அதாவது பழைய வேகத்துக்குத் திரும்பு என்று வருகிறது, அதனால் படிப்படியாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். ஆல்டோ (பெண்களில் கீழ்க்குரல்) பாடும் அக்காமார் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

அப்புறம், 'தா காப்போ அல் ஃபினே' (முதலிலிருந்து 'ஃபினே' என்று போட்ட இடம் வரை) பார்த்து முதலுக்குத் திரும்பும்போது, நடுவில் உள்ள ரிப்பீட் புள்ளிகளை விட்டுவிடுவதுதான் பொது வழக்கம் என்கிறார்கள். பாமாலைக்கும் அப்படித்தானா?

ஜெர்மன் பக்கங்களில் மெதுவாக என்பதற்கு 'லாங்சாம்', பிரெஞ்சில் இடது கைக்கு 'எம்.ஜி.' என்றெல்லாம் வேறு இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் தமிழில் விளக்கப் பட்டியல் யாரிடமாவது இருந்தால் படம் பிடித்துப் போடுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை, அதற்குள் கிடைத்தால் புண்ணியமாகப் போகும்.