வாய் திறந்தால் எத்தனை புள்ளி? மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார ஆசிரியர்களின் பகிர்வு

தமிழ்ப்பள்ளி, ஆண்டு 5

வகுப்பில் பேசிப் பங்கேற்பதற்கு “எத்தனை விழுக்காடு” என்று கேட்கிறவர்கள் முதலில் எந்த வகுப்பு என்று சொல்ல வேண்டும். 2021இல் ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யுபிஎஸ்ஆர் போன பிறகு தொடக்கப்பள்ளியில் கனமாக நிற்பது வகுப்பறை மதிப்பீடு. அதில் இருப்பது அடைவுநிலை 1 முதல் 6 வரை, விழுக்காடு இல்லை. பிள்ளை பேசியது ஒரு சான்று, அவ்வளவுதான். தமிழில் கேட்டல் பேச்சுத் திறனுக்கு அந்தச் சான்று தேவை. கணிதத்தில் பின்னக் கணக்கை ஒழுங்காகப் போட்டுவிட்டு வாய்மூடி உட்கார்ந்திருக்கிற பையனுக்கு, பேசவில்லை என்று ஒரு நிலை குறைத்தால் அது கணிதத்தை அளந்ததாகாது.

பதிவுதான் பெரிய தலைவலி. 30 பேரை ஒரே பாடவேளையில் கவனிக்க எவராலும் ஆகாது. பாடவேளைக்கு 6 பேர் என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டால் 5 பாடவேளையில் வகுப்பு முழுக்க முடிந்துவிடும். குறி மூன்று போதும்: தானாகச் சொன்னால் கோடு, கேட்டபின் சொன்னால் வட்டம், இன்னொருவர் சொன்னதை வளர்த்தோ மறுத்தோ பேசினால் கூட்டல். நான்காவது குறி சேர்த்தால் இரண்டாம் வாரமே கைவிட்டுவிடுவீர்கள். மணி அடித்த கையோடு எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் நினைவிலிருந்து நிரப்பினால் முன்வரிசையும் சேட்டைக்காரர்களும்தான் கண்ணில் நிற்பார்கள், மற்ற எல்லாருக்கும் கை தானாக அடைவுநிலை 3 போடும்.

தோட்டப் பள்ளி, மாணவர் எண்ணிக்கை குறைந்தது

டீச்சர் சொன்ன ஆறு ஆறாகப் பிரிக்கிற வேலை எங்களுக்கு இல்லை. 150 பிள்ளைகளுக்குக் கீழே இருக்கிற பள்ளி, சில வகுப்பில் நாலே பேர். இங்கே சிக்கல் வேறு மாதிரி. நாலும் ஒரே லயத்துப் (தோட்டக் குடியிருப்பு வரிசை) பிள்ளைகள், அதில் ஒன்று மற்ற மூன்று பேருக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடும். ஆளுக்கொரு சிறிய வெண்பலகை கொடுங்கள். எழுதி, கவிழ்த்து வைத்து, “காட்டு” என்றதும் நான்கும் ஒன்றாகத் தூக்க வேண்டும். பிறகுதான் “ஏன் அப்படி எழுதினே?” என்று பேச்சு. வாயாடிக்கு அப்போது முறை கடைசி.

கேள்வி கேட்டதும் மனசுக்குள் மூன்று எண்ணுங்கள். கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970களில் அமெரிக்க வகுப்பறைகளில் அளந்தபோது ஆசிரியர்கள் காத்திருந்தது ஏறக்குறைய 1 வினாடிதான். அதை 3 வினாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, பேசாதிருந்தவர்களும் பேச வந்தார்கள். பெரியவர் முன்னால் வாயைத் திறக்காதே என்று வளர்ந்த பிள்ளைக்கு மூன்றும் போதாது, ஐந்து கொடுங்கள். அந்த ஐந்து வினாடி நமக்குத்தான் ரொம்ப நீளமாகத் தெரியும்.

இடைநிலைப்பள்ளி, படிவம் 1 அறிவியல்

தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளை இங்கே மலாயில் பதில் சொல்ல வேண்டும். ஆவியாதல் தெரியும், அதன் மலாய்ச் சொல் ‘பெஞெஜாத்தான்’ நாக்கில் வராது. அந்த மௌனத்துக்குப் புள்ளி குறைத்தால் குறைவது அறிவியல் இல்லை, மலாய். அதனால் தவணையின் முதல் ஆறு வாரம் பேச்சைப் பதிவு செய்யாமல் விடுவது நல்லது. கேள்வியைப் பலகையில் எழுதி, 1 நிமிடம் பக்கத்துப் பிள்ளையோடு எந்த மொழியிலாவது பேசவிட்டு, பிறகு மலாயில் ஒரே ஒரு வாக்கியம் கேளுங்கள். வாக்கியத்தின் ஆரம்பச் சொற்களையும் பலகையிலேயே விட்டுவிடலாம்.

படிவம் 5 ஆங்கிலம்

சார், ஆறு வாரம் சரி. அதையே ஐந்து வருஷமாக நீட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் ஆங்கிலத்தில் நான்கு தாள், தாளுக்கு 25 விழுக்காடு, அதில் ஒன்று பேச்சு. தாளின் புள்ளி 24 என்பதால் ஒரு புள்ளி போனால் மொத்தத்தில் ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல் போகிறது. அங்கே கூச்சத்துக்குச் சலுகை இல்லை.

ஆனால் அது பேசும் திறனுக்குக் கொடுக்கும் புள்ளி. பேச முன்வந்ததற்கு அல்ல. இந்த இரண்டையும் குழப்புவதால்தான் பாதி வாக்குவாதம். வகுப்புப் பயிற்சிக்குப் புள்ளியே வேண்டாம், தினம் 2 நிமிடம் ஜோடியாகப் பேசினால் போதும். ஜோடியை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். தேர்வின் மூன்றாம் பகுதியில் இருவரும் கலந்துரையாட வேண்டும். பழகிய தோழியோடு மட்டும் பேசிய பெண் அங்கே தடுமாறுவாள். தானே பேசிக்கொண்டு போகிறவனுக்கும் பயிற்சி வேண்டும்: மூன்று வாக்கியம் சொன்னால் நாலாவது கேள்வியாக இருக்கட்டும்.

தனியார் கல்லூரி, டிப்ளோமா

பங்கேற்புக்கு விழுக்காடு நிஜமாகவே வருவது எங்களிடம்தான். 5 முதல் 10, அதற்கு மேல் நான் போகமாட்டேன். 20 வைத்து, பதிவு சரியில்லாமல் கால் பங்கு தவறினால் 5 புள்ளி. ஒரு கிரேடு மாற அது போதும். இன்னொரு பக்கமும் உண்டு. 20 என்று அறிவித்துவிட்டு எல்லாருக்கும் 16, 17 போட்டால் மாணவர்களைப் பிரிப்பது ஒரே ஒரு புள்ளி. அறிக்கையில் இருக்கிற 20, கணக்கில் 1தான்.

வருகையை இதோடு சேர்க்காதீர்கள். மழையில் செம்மண் சாலை சேறானால் தோட்டத்து வேன் வராது. அந்தப் பிள்ளைக்குக் குறைவது பங்கேற்புப் புள்ளி என்றால், நாம் அளப்பது சாலையை.

10 புள்ளியை இப்படிப் பிரிக்கலாம்: வகுப்புக்கு முன் எழுதித் தரும் ஒரு கேள்விக்கு 4, குழுவில் ஒப்படைத்த வேலைக்கு 4, எல்லார் முன்னிலும் பேசுவதற்கு 2. ஏழாம் வாரம் அதுவரை வந்த புள்ளியை ஒவ்வொருவரிடமும் தனியாகக் காட்ட வேண்டும். இறுதியில் மட்டும் காட்டினால் யாரும் திருத்திக்கொள்ள முடியாது, முறையீடு மட்டும்தான் வரும்.

தமிழ்ப்பள்ளி, ஆண்டு 5

எழுதித் தரும் கேள்வி நல்லா இருக்கு சார். ஆண்டு 5க்குத் துண்டுத்தாளில் ஒரு வரி போதும், பெட்டியில் போட்டுவிடட்டும். பெயர் எழுதச் சொல்ல மறந்துவிடாதீர்கள், அப்புறம் கையெழுத்தை வைத்து ஆள் தேட வேண்டியிருக்கும்.