ஆண்கள் மேகசின் விளம்பரம் உங்க வாழ்க்கைல குறுக்க வந்த கதை இருந்தா எழுதுங்க

நெசவுக்காரப் பேரன்:

எஸ்க்வயர், ஜிக்யூ மாதிரி ஆண்கள் மேகசின், அதுல வர்ற பெரிய பிராண்டு விளம்பரங்கள், இதுல ஏதாவது ஒண்ணு உங்களுக்கு நெருக்கமா வந்திருந்தா இங்க போடுங்க. துணி தச்சவங்க, கடையில வித்தவங்க, ஸ்டுடியோல நின்னவங்க, சும்மா பழைய புத்தகக் கடையில புரட்டிப் பார்த்தவங்க, யாரா இருந்தாலும் சரி. முதல்ல என்னோடதைச் சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

எங்களுக்கு குடியாத்தம். தாத்தா கைலி நெய்ஞ்சவர், அப்பாவும் கொஞ்ச காலம் தறியில உக்காந்தவர். நான் சென்னையில சட்டைத்துணி ஏற்றுமதி பண்ற ஒரு ஆபீஸ்ல டிசைன் பார்க்குறேன். எங்க ஆபீஸ்ல 50கள், 60கள்ல வந்த அமெரிக்க மேகசின்களைக் கட்டுக்கட்டா வாங்கி வச்சிருக்காங்க, ஏன்னா வெளிநாட்டு பையர் பாதிப்பேர் அந்தக் காலத்து கட்டம்தான் கேட்பாங்க, அதே கலர் அதே அளவு. அப்படி ஒரு கோடைக்கால இதழைப் புரட்டிட்டு இருக்கும்போது ஒரு பக்கம் வந்துச்சு. படகுத்துறை, வெயில்ல வெளுத்த முடி, காலேஜ் பையன் ஒருத்தன் சாவகாசமா சாஞ்சு நிக்கிறான். அவன் போட்டிருக்கிறது எங்க தாத்தா இடுப்புல கட்டியிருந்த அதே கட்டம், சிவப்பு மஞ்சள் கருநீலம், கோடு கோடா ஒண்ணோட ஒண்ணு கலங்கி. பேரு இந்தியா மெட்ராஸ். அதுக்குக் கீழ ஒரு வரி, கேரண்டீட் டு ப்ளீட். அதாவது சாயம் போகும், அதுக்கு நாங்க கேரண்டி.

எனக்கு கொஞ்ச நேரம் கையே ஓடல. எங்க வீட்டுல சாயம் போற துணின்னா அது அவமானம், கடைக்காரர் திருப்பி அனுப்புவார், கூலியில பிடிப்பாங்க. அதே விஷயத்தை ஒருத்தன் பெருமையா அச்சடிச்சு வித்திருக்கான்.

இதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு, பின்னாள்ல லீலா ஓட்டல்களைத் தொடங்கின கேப்டன் கிருஷ்ணன் நாயர் பல தடவை சொன்னது. 1958-ல வில்லியம் ஜேக்கப்சன்னு ஒரு அமெரிக்க இறக்குமதியாளர் அவர்கிட்ட கஜம் ஒரு டாலர்னு பத்தாயிரம் கஜம் மெட்ராஸ் துணி வாங்கிட்டுப் போறார். தனியா, பச்சைத் தண்ணியில, மெதுவா அலசணும்னு நாயர் சொல்லித்தான் அனுப்புறார். துணி ப்ரூக்ஸ் பிரதர்ஸ்ங்கிற அமெரிக்கத் துணிக்கடை கைக்குப் போய் சட்டையா விக்குது, ஆனா அந்த எச்சரிக்கை மட்டும் வாடிக்கையாளர் வரைக்கும் போகல. வாங்கினவங்க மெஷின்ல போட்டா கூட இருந்த துணியெல்லாம் கலராயிடுச்சு. புகார் மேல புகார், நாயரை அமெரிக்காவுக்கே கூப்பிட்டு கேஸ் போடுற அளவுக்குப் போயிருக்கு. கடைசியில செவன்டீன்னு ஒரு பத்திரிகையில, துவைக்கத் துவைக்க நிறம் மாறுற இந்தியக் கைத்தறி அதிசயம்னு பக்கம் பக்கமா கட்டுரை வந்துச்சு, அவ்வளவுதான், எல்லாரும் அதைத் தேடி வாங்க ஆரம்பிச்சுட்டாங்க. சாயம் போகாத மெட்ராஸ் போலின்னு நினைக்கிற அளவுக்கு.

இன்னொண்ணு. விளம்பர உலகத்துல டேவிட் ஓகில்வின்னா எல்லாருக்கும் தெரியும். அவரோட பேர் போன ஹாதவே சட்டை விளம்பரம், ஒரு கண்ணுல கறுப்புப் பட்டை கட்டின மீசைக்காரர், 1951-ல நியூயார்க்கர்ல வந்தது, அது ஆண்கள் மேகசின் இல்ல, ஆனா அதுக்கப்புறம் வந்த அத்தனை ஆண்கள் விளம்பரத்துக்கும் அதுதான் வாத்தியார். அந்தக் கண்பட்டை போட்டோ எடுக்கப் போற வழியில சில்லறைக் காசுக்கு வாங்கினதுன்னு எல்லாரும் சொல்வாங்க. ஆனா படத்துக்குக் கீழ இருக்கிற எழுத்தை யாரும் படிக்கிறதில்ல. நான் உக்காந்து படிச்சேன். உலகத்தோட நாலா மூலையில இருந்தும் துணி வருதுன்னு ஒரு பட்டியல் போடுறார், இங்கிலாந்துல இருந்து இது, ஸ்காட்லாந்துல இருந்து அது, அதுக்கு நடுவுல இந்தியாவுல இருந்து கையால நெய்த மெட்ராஸ். அப்புறம் சட்டையைத் தைக்கிறவங்களைப் பத்தி, மெய்ன் மாநிலத்துல வாட்டர்வில்ங்கிற சின்ன ஊர்ல, அர்ப்பணிப்புள்ள கைவினைஞர்கள், நூத்துக்கும் மேல வருஷமா இதே தொழில்னு உருகி எழுதுறார். தச்சவனுக்கு ஊர் பேரோட மரியாதை. நெய்ஞ்சவனுக்கு ஒரு நாட்டோட பேரு மட்டும்தான். அந்த எழுத்து அவ்வளவு அழகா இருக்கு, அதனாலதான் எனக்கு அது இன்னும் வலிக்குது. இன்னும் ஒரு வரி எழுதியிருக்கலாம் அந்த மனுஷன்.

உங்க கதையைச் சொல்லுங்க.

பனியன் ஊர்:

அண்ணா வணக்கமுங்க, நம்மளுது திருப்பூர். மெர்ச்சன்டைசர் வேலைங்க, பையருக்கும் பேக்டரிக்கும் நடுவுல நின்னு ஆர்டர் பார்க்கிறது, ஆம்பளைங்க உள்ளாடைதான் மெயின் ஆர்டர். நீங்க சொன்ன மாதிரியே பையருங்க வரும்போது மேகசின்ல கிழிச்ச பக்கங்களைக் கொண்டாருவாங்க. அதுல அதிகமா நான் பார்த்தது கால்வின் க்ளைன் 1982 விளம்பரமுங்க. டாம் ஹின்ட்னாஸ்னு போல் வால்ட் தாண்டுற வீரர், போட்டோ எடுத்தவர் புரூஸ் வெபர், எடத்து பேரு சான்டோரினி, கிரீஸ் நாட்டுத் தீவு. வெள்ளைச் சுண்ணாம்புச் செவுத்துல சாஞ்சு நிக்கிறாரு, மேல ஒரே நீல வானம், கேமரா கீழ இருந்து அண்ணாந்து பார்க்குது, போட்டிருக்கிறது ஒரே ஒரு வெள்ளை ஜட்டிதானுங்க. அதை நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயர்ல பெரிய பலகையில வச்சாங்க, பஸ் ஸ்டாப்புலயும் ஒட்டுனாங்க, ஜனங்க கண்ணாடிய ஒடச்சு போஸ்டரைத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. அதுக்கு முன்னாடி அமெரிக்காவுல ஜட்டிங்கிறது மூணு ஒரு பாக்கெட்டுன்னு சும்மா எடுத்துப் போட்டுட்டு வர்ற சாமான்தானுங்க. அதுக்கப்புறம் இடுப்புப் பட்டையில இருக்கிற பேருக்குத்தான் காசு. 92-ல மார்க் வால்பெர்க்கை வச்சு ஹெர்ப் ரிட்ஸ் எடுத்த படத்துல பேன்ட்டுக்கு மேல பட்டை தெரியுற மாதிரியே எடுத்துட்டாங்க.

அந்தப் பட்டைதான் எங்களுக்கு வேலையே. ஜக்கார்ட் எலாஸ்டிக்ல, அதாவது எழுத்தை நெசவுலயே கொண்டாற எலாஸ்டிக்ல, பேரு இத்தனை சென்டிமீட்டருக்கு ஒருக்கா வரும்னு கணக்கு இருக்கு, சைஸ் மாற மாற ஜாயின்ட் எங்க விழுகுதுன்னு பார்க்கோணும், பேரு முன்னாடி நட்டநடுவுல நிக்கோணும், பின்னாடி ஜாயின்ட்ல எழுத்து பாதியில வெட்டுப்படக் கூடாது. பவர் டேபிள்ல, அதான் தையல் மெஷின்ல, உக்காந்திருக்கிற அக்கா கையில ஒரு நூலளவு நகர்ந்தாலும் செக்கிங்ல தள்ளிருவாங்க. ஒருக்கா ஒரு பையர் அந்த சான்டோரினி பக்கத்தை மேசை மேல வச்சு, இந்த வெள்ளைதான் வேணும்னாரு. அது துணியோட வெள்ளை இல்லைங்க, அந்தத் தீவு வெயிலோட வெள்ளை, அதுக்கு மேல அச்சு மையும் காகிதமும் சேர்ந்த வெள்ளை. ப்ளீச்சிங்ல எத்தனை ஷேடு போட்டுக் காட்டியும் கலர் ஒப்பிட்டுப் பார்க்கிற லைட் பாக்ஸ்ல வச்சா அது வேற இது வேறதான். கடைசியில எங்க டையிங் மாஸ்டர் ஒரு துண்டைத் தூக்கிட்டு அவரைக் கூட்டிட்டு மொட்டை மாடிக்குப் போய் மத்தியான வெயில்ல விரிச்சுக் காட்டினாரு. ஆர்டர் ஓகே ஆயிருச்சுங்க. அந்த மாஸ்டர் பள்ளிக்கூடம் தாண்டாதவரு, வெளிச்சத்தைப் பத்தி அவருக்குத் தெரிஞ்சது எந்த போட்டோகிராபருக்கும் கொறஞ்சதில்லைன்னு நான் இப்பவும் சொல்லுவேன்.

பத்து பத்து:

துபாய்ல வாட்ச் ஷோரூம்ல ரொம்ப வருஷம் இருந்தேன் அண்ணே, ஊர் ராம்நாடு பக்கம். பட்டேக் ஃபிலிப்ங்கிற சுவிஸ் வாட்ச் கம்பெனி விளம்பரம் பார்த்திருப்பீங்க, அப்பாவும் பையனும் இருக்கிற கறுப்பு வெள்ளை படம், 96-ல இருந்து வருது. இந்த வாட்சை நீங்க சொந்தமாக்கிக்கிறதில்ல, அடுத்த தலைமுறைக்காகப் பத்திரமா வச்சிருக்கீங்க, இதான் அதோட சாரம். விலையைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. படத்துல முகம்தான் பெருசு, வாட்ச் பக்கத்துல ஓரமாத்தான் இருக்கும்.

ஒரு நாள் நம்ம ஊர் ஆளு ஒருத்தர் வந்தார், கம்பெனி வண்டி ஓட்டுறவர். சட்டைப் பாக்கெட்டுல இருந்து நாலா மடிச்ச ஒரு பக்கத்தை எடுத்தார், அந்த அப்பா பையன் விளம்பரம்தான், ஏதோ ஆபீஸ் வரவேற்பறையில கிடந்த மேகசின்ல இருந்து கேட்டு வாங்கினதாம். மகனுக்குக் கல்யாணம், இதுபோல ஒண்ணு குடுக்கணும்னார். விலையை எப்படிச் சொல்றதுன்னு எனக்கு நெஞ்சு அடைச்சுது, சொன்னேன். அவர் முகம் சுருங்கல, இது அவ்வளவு இருக்கும்னு நானும் நெனச்சேன் தம்பி, இந்தப் படத்துல இருக்கிற மாதிரி அப்பன் மகனுக்குக் கைமாத்திக் குடுக்கிற ஒரு வாட்ச் என் கணக்குக்குள்ள எடுத்துக் காட்டுன்னார். ஜப்பான் மேக் ஒண்ணு, நல்ல வாட்ச், எடுத்தார். பில் போட்டப்புறம் ஒண்ணு கேட்டார், படத்துல முள்ளு பத்து மணி பத்து நிமிஷத்துல நிக்குது, இதையும் அப்படியே வச்சுக் குடுன்னு. நிறுத்தி வச்சுக் குடுத்தேன்.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன், வாட்ச் விளம்பரத்துல முள்ளு பத்து பத்துல இருக்கிறதுக்குக் காரணம் பன்னெண்டுக்குக் கீழ இருக்கிற கம்பெனி பேரை ரெண்டு முள்ளும் ரெண்டு பக்கம் விரிஞ்சு தாங்கிப் பிடிக்கும், மூணு மணிக்கிட்ட இருக்கிற தேதியையும் மறைக்காது. ரொம்பப் பழைய விளம்பரங்கள்ல எட்டு இருபது பார்க்கலாம், அதுல முள்ளு தொங்கிப்போன மாதிரி தெரியும்.

வலதுபக்கம்:

மும்பைல மேகசின் விளம்பரப் பிரிவுல வேலை பார்த்தவன் நான். 2008-ல ஜிக்யூவோட இந்தியப் பதிப்பு வந்த சமயம், நான் இருந்தது வேற இடம், ஆனா அந்த வருஷங்கள்ல எல்லா வெளிநாட்டு பிராண்டும் இங்க கடை திறக்க ஆரம்பிச்சதால எங்க எல்லாருக்குமே வேலை எக்கச்சக்கம். நீங்க மேகசின் வாங்கினதும் அட்டையைத் திருப்பினா கட்டுரையே வராம விளம்பரமா வருதுன்னு அலுத்துக்குவீங்க இல்ல, அந்த வரிசைக்கு நடக்கிற பேச்சுவார்த்தை உங்களுக்குத் தெரியாது. முதல் ரெண்டு பக்கம் யாருக்கு, பொருளடக்கத்துக்கு எதிர்ப்பக்கம் யாருக்கு, வலதுபக்கம்தான் வேணும் இடதுபக்கம் வேண்டாம், எங்களுக்கு முன்னாடி அந்த இன்னொரு வாட்ச்காரன் வரக்கூடாது, எதிர்ப்பக்கத்துல நோய் சாவு பத்தி எதுவும் இருக்கக் கூடாது. இது அத்தனையும் எழுத்துல வரும். பின்னட்டை எப்பவும் அதிக விலை.

ஃபேஷன் பக்கத்துல மாடல் போட்டிருக்கிற கோட், ஷூ, இதெல்லாம் யாரோடதுன்னு ஓரத்துல பொடி எழுத்துல போட்டிருப்பாங்க. விளம்பரம் குடுக்கிறவங்க பொருள் அதுல எத்தனை தடவை வந்திருக்குன்னு எண்ணிப் பார்க்கிற ஆளுங்க உண்டு. படிக்கிறவங்க இதைத் தெரிஞ்சுதான் படிக்கணும்னு நான் உறுதியா நினைக்கிறேன். இது புதுசும் இல்ல. எஸ்க்வயர் 1933-ல தொடங்கினப்போ முதல் இதழோட பிரதிகள்ல பெரும்பகுதி புத்தகக் கடைக்குப் போறதுக்காக அச்சடிச்சது இல்ல, ஆண்கள் துணிக்கடைகள்ல வச்சு விக்கிறதுக்காகத்தான். அதே ஆளுங்க அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி அப்பேரல் ஆர்ட்ஸ்னு கடைக்காரங்களுக்கான ஒரு புத்தகம் போட்டாங்க, அதுல நிஜத் துணித் துண்டையே பக்கத்துல ஒட்டியிருப்பாங்க, வாடிக்கையாளர் தொட்டுப் பார்க்கிறதுக்கு. அதுதான் பிற்பாடு ஜிக்யூ ஆச்சு. ஆனா ஒண்ணு சொல்லணும், அந்த முதல் எஸ்க்வயர்லயே ஹெமிங்வே எழுதியிருக்கார். துணி வித்த காசுலதான் நல்ல எழுத்துக்குக் கூலி குடுத்தாங்க, ரெண்டையும் சேர்த்துத்தான் நான் பார்க்குறேன்.

கிளிப் அக்கா:

நான் ரீடச்சிங், அதாவது எடுத்த போட்டோவைத் திருத்துற வேலை பண்றேன், சென்னைல இருந்தே வெளிநாட்டு ஸ்டுடியோக்களுக்கு. ஒரே ஒரு விஷயம் தம்பிங்களா. விளம்பரத்துல கோட் உடம்புல அப்படி உக்காந்திருக்கேன்னு பார்த்து நம்ம உடம்புதான் சரியில்லன்னு நினைக்காதீங்க. மாடல் முதுகுப்பக்கம் முழுக்க கிளிப்பும் குண்டூசியும் இருக்கும், துணியைப் பின்னால இழுத்துப் பிடிச்சிருப்பாங்க, மிச்சம் இருக்கிற சுருக்கத்தை நான் எடுப்பேன். எங்க அண்ணன் பையன் ஒருத்தன் காலேஜ் சேர்ந்த வருஷம் இந்தப் படங்களைப் பார்த்துட்டு சாப்பாட்டைக் குறைச்சு மெலிஞ்சு போயிட்டான். ஒரு ஞாயித்துக்கிழமை பக்கத்துல உக்கார வச்சு, ரீடச் பண்றதுக்கு முன்னாடி படம், பண்ணதுக்கு அப்புறம் படம், ரெண்டையும் காட்டினேன், பேசாம ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் சாப்பிட வந்தான். தோலுக்கு துளையே இல்லாம ஆக்கச் சொல்லிக் கேட்டா இப்பல்லாம் நான் வாதாடிப் பார்க்குறேன், சில இடத்துல ஒத்துக்கிறாங்க.

நெசவுக்காரப் பேரன்:

எல்லாருக்கும் நன்றி. பனியன் ஊர் தம்பி, உங்க டையிங் மாஸ்டர் கதையை எங்க அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன், தாத்தாவும் கைலியை வெயில்ல பிடிச்சுத்தான் கலர் பார்ப்பார்னு அப்பா சொன்னார்.

இன்னொரு தொடர்பையும் விட்டுட்டேன். மெட்ராஸ் சட்டையை யூனிஃபார்ம் மாதிரி போட்டுத் திரிஞ்சது யேல் மாதிரி ஐவி லீக், அதாவது அமெரிக்காவோட பேர் போன பழைய காலேஜ் பசங்க. அந்த யேல்ங்கிற பேரே 1687-ல இருந்து 1692 வரைக்கும் நம்ம செயின்ட் ஜார்ஜ் கோட்டையில தலைவரா இருந்த எலிஹு யேலோடது. 1718-ல அந்தக் காலேஜுக்கு அவர் அனுப்பின ஒன்பது மூட்டை சரக்கை வித்துத்தான் கட்டடத்துக்குப் பணம் சேர்த்தாங்க, அதுல துணிகளும் இருந்துச்சு.

தனியா மெசேஜ்ல ஒருத்தர் கேட்டிருக்கார், தாத்தா வச்சிருந்த பழைய சாயம் போற மெட்ராஸ் சட்டை ஒண்ணு கிடைச்சிருக்கு எப்படித் துவைக்கிறதுன்னு. மெஷின் வேண்டவே வேண்டாம். பச்சைத் தண்ணி, அது மட்டும் தனியா, சோப்பு லேசா, ஊற வைக்காம அலசி, முறுக்காம நிழல்ல போடுங்க. தண்ணியில கலர் இறங்கும், அதைப் பார்த்துப் பயப்படாதீங்க. காலர்ல லேபிள் இருந்தா மட்டும் அதை ஒரு போட்டோ எடுத்து இங்க போடுங்க, எந்தக் கடை, எந்தக் காலத்துதுன்னு சேர்ந்து பார்ப்போம்.